முந்நூற்றுப் பன்னிரண்டாம் கல்

வெளிச்சமானி வந்த வருஷம் எங்கள் கல் சேகரிப்போர் சங்கத்தில் முப்பத்தொரு பேர் இருந்தோம். இன்றைக்கு இரண்டே பேர். மீதி இருபத்தொன்பது பேரும் செத்தா போனார்கள்? அதெல்லாம் இல்லை. சேர்த்த கல்லையெல்லாம் மூட்டை கட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காங்கேயம் வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒரு கல் பல்லைக் காட்டும். நான் பிழைப்புக்கு மோட்டார் காயில் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் சுத்தியலும் பையும் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். விற்பதற்கு அல்ல. அழகாக ஒரு படிகம் கிடைத்தால் அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி இதற்குக் கிறுக்கு என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் சொன்னது தப்பில்லை.

வெளிச்சமானி என்பது அரிசிச் சட்டி அளவில் ஒரு பெட்டி. உடைந்த கல்லை உள்ளே வைத்து மூடினால், அந்த உடைந்த முகம் முதன்முதலாக எந்த நாள், எத்தனை மணிக்கு வெளிச்சத்தைப் பார்த்தது என்று சொல்லிவிடும். முதலில் நாங்கள்தான் கைதட்டி வரவேற்றோம். போலிச் சீட்டு எழுதி ஊரை ஏமாற்றிய கல் வியாபாரிகள் எல்லாம் மாட்டினார்கள் அல்லவா! அப்புறம் எல்லைக்கல் வழக்குகள் வந்தன. தாத்தா காலத்துக் கல் என்று சத்தியம் செய்த கல்லைப் போன தையில்தான் உடைத்து நட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து, அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்தது எங்கள் முறை. கல் எடுக்கக் கூடாத காப்புக்காட்டில் பொறுக்கிய கார்னெட் என்கிற ஒரு சிவப்புக் கல்லுக்காக எங்கள் பொருளாளருக்குச் சம்மன் வந்தது. அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு கல்லும், நாம் எந்த நாள் எங்கே நின்றோம் என்பதற்குச் சாட்சி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கப்புறம் கிணறுகள் நிரம்பின.

நான் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு, ‘எவன் வந்தாலும் வரட்டும்’ என்று என் நானூறு கல்லையும் வைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கல்லைப் பற்றி மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எங்கள் சங்கத்தில் சீட்டு இல்லாத கல்லுக்கு ஜல்லி என்று பெயர். கல்லை எடுத்த இடத்திலேயே, அங்கிருந்து நகர்வதற்கு முன்னால், பென்சிலால் சீட்டு எழுதியாக வேண்டும். எண், பெயர், இடம், தேதி, மணி, பார்த்தது, கேட்டது எல்லாம். பிற்பாடு நல்ல சீட்டு எழுதி மேலே வைக்கலாம். ஆனால் பழைய சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது. தப்பாக எழுதியிருந்தாலும் கூடாது. கிழித்தவனைச் சங்கத்தை விட்டே நீக்குவோம். இரண்டு பேரை நானே நீக்கியிருக்கிறேன், நாற்காலியைத் தட்டிக் கத்தி.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும்.

“பூபதிங்கண்ணா இருக்காங்ளா?”

“நாந்தான். மோட்டாரா, மிக்சியா?”

“கல்லுங்க” என்றாள். “எம் பேரு ஹர்ஷினி. செங்காட்டாம்பாறை குவாரில வெடி போட்டுட்டிருந்த சென்னியப்பன் மகளுங்க.”

தாமிரக் கம்பி என் விரலில் அப்படியே நின்றுவிட்டது. செங்காட்டாம்பாறை வழக்கைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெடியில் சரிந்த பாறைக்கு அடியில் இரண்டு ஒடிசாக்காரப் பையன்கள் புதைந்துபோனார்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் குடித்துவிட்டு, எச்சரிக்கைச் சங்கு ஊதாமல், தன் இஷ்டத்துக்கு வெடித்தான் என்று சென்னியப்பனுக்கு ஆயுள் தண்டனை.

“உக்காரு அம்மிணி” என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் உட்காரவில்லை. “எங்கப்பா மத்தியானம் குடிச்சது நெசந்தானுங்க. அத நாலு பேரு பாத்திருக்காங்க. ஆனா வெடி போட்டது காலைல ஆறு மணி வாக்குல. ஞாயித்துக்கெழம வெடிக்கக் கூடாதுன்னு சட்டம். ஆளே இல்ல, போடுன்னு மொதலாளிதான் பக்கத்துல நின்னு போடச் சொல்லியிருக்காரு. போட்ட கையோட எங்கப்பாவ ஜீப்புல ஏத்திட்டு வெளிய வந்துட்டாரு. அப்பறமா பசங்க உள்ள கெடக்கறது தெரிஞ்சதும், மணிய மாத்திட்டாங்க. ஒரு மணிக்கு மொதலாளி கோயமுத்தூருல கல்யாணத்துல இருந்தாருன்னு படமெல்லாம் இருக்குதுங்க.”

“அந்தப் பாறைய வெளிச்சமானில வெச்சா தெரிஞ்சிருமே?”

“மறுநாளே மொத்தத்தையும் கிரஷர்ல போட்டு ஜல்லியாக்கிட்டாங்க. ஒரு துண்டு மிச்சமில்ல.” பையிலிருந்து எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரை எடுத்தாள். அட்டையெல்லாம் கசங்கிய பழைய மலர். “இது ஒண்ணத் தவுர. முந்நூத்திப் பன்னெண்டாம் கல்லு, அடர் நீல பெரில், செங்காட்டாம்பாறை குவாரி, சேகரித்தவர் பூபதி. அதே தேதிங்கண்ணா.”

அட கெரகமே! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இது நடக்குமா? மரகத ஜாதியில், இந்த வட்டாரத்தில் ஒருவனுக்கும் கிடைக்காத நீலக் கல் எனக்குக் கிடைத்தது என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமா? மலரில் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான்.

“எப்ப எடுத்தீங்கண்ணா?”

“சாயங்காலம்” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. “லாரில இருந்து ரோட்டுல விழுந்து கெடந்துச்சு.”

“போதுமுங்க. ஆறு மணிக்கு ஒடஞ்ச கல்லுன்னு தெரிஞ்சாப் போதும். திங்கக்கெழம கடைசி மனு விசாரணைக்கு வருது. அப்பாவுக்கு நுரையீரல் பூரா கல் தூசி. இந்தத் தடவ விட்டா அவரத் தூக்கிட்டுத்தான் வரோணும்.” குரல் உடையாமல் சொன்னாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அந்தப் பசங்க உள்ள நாலு மணி நேரம் உசுரோட இருந்திருக்காங்கன்னு டாக்டர் சொன்னாருங்க. அப்பா அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவாரு. யாராச்சும் ஒருத்தரு அந்தப் பக்கம் போயிருந்தா எடுத்திருக்கலாமேன்னு.”

சரி, கல்லைத் தருகிறேன், நாளைக் காலை பத்து மணிக்குக் கோகிலா வீட்டுக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கோகிலா என்கிற கோகிலவாணிதான் சங்கத்தில் மிச்சமிருக்கிற இன்னொருத்தி. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. நீதிமன்றம் ஒப்புக்கொள்கிற வெளிச்சமானி இந்த வட்டாரத்தில் அவளிடம்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டேன்.

“ஏங் கோகிலா, மொதல் வெளிச்சம் மட்டும் பாத்தாப் போதுமில்ல?”

“மட்டும்னா? ரெண்டு நம்பரும் சேந்துதாண்ணா வரும்.”

“ரெண்டு எதுக்கு?”

“பாறைக்குள்ள இருட்டுலயே கெடக்கறப்ப அதுல ஒரு சக்தி சேந்துட்டே இருக்குதுங்ணா. ஒடஞ்சு வெளிச்சம் பட்டா, மேல இருந்து உள்ளாற அது கரைய ஆரம்பிக்கும். எத்தன ஆழம் கரஞ்சிருக்குன்னு பாத்தா எத்தன நேரம் வெளிச்சத்துல கெடந்துச்சுன்னு தெரியும். மறுக்கா இருட்டுல வெச்சா மறுக்கா சேரும். அதப் பாத்தா எப்ப இருட்டுக்குப் போச்சுன்னு தெரியும். உங்க கல்லு எடுத்த நிமிசத்துல இருந்து கறுப்புத் துணிலதான இருக்கு? வெயிலு பட்டா நெறம் போயிரும்னு எனக்கே காட்ட மாட்டேன்னீங்களே. அதனால கச்சிதமா வரும். ஒடஞ்சது இத்தன மணிக்கு, நீங்க எடுத்துச் சுத்துனது இத்தன மணிக்கு. அஞ்சு நிமிசம் முன்னப் பின்ன இருக்கும், அவ்வளவுதான்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

“ஒருக்காத்தான் பாக்க முடியும், பாத்ததும் அழிஞ்சிரும்” என்றாள் அவள். “அதனால பத்திரமா கொண்டு வாங்க. பெட்டியோட, சீட்டோட. வெளிச்சத்துல தொறக்காதீங்க. அப்பறம், உங்க ஊதா விளக்கு பக்கத்துலயே கொண்டு போயிராதீங்க. அரை மணி நேரம் அதுல காட்டுனா எல்லாந் தொடச்ச மாதிரி ஆயிரும்.”

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்குள் அது வேறு மாதிரி விழுந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். லாரியுமில்லை, சாயங்காலமுமில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிறு காலை நான் குவாரிக்குப் பின்பக்கத்துச் சாலையில் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்கி ஓடுவார்கள். கல் கிறுக்கு பிடித்தவன் அதை நோக்கி ஓடுவான். கிரஷர் வாயில் போவதற்கு முன்னால் புது முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிற வெறி. வேலிச் சந்தில் நுழைந்தேன். தூசி அடங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இல்லை. கிழக்கு முகத்தில், வெள்ளைப் பாறைக்கு நடுவில், விரல் தடிமனுக்கு அந்த நீலம். இந்த ஜாதி நீலம் வெயிலில் நாலு நாளில் வெளுத்துவிடும் என்று தெரியும். உளியால் நெம்பி எடுத்து, சீட்டு எழுதி, கறுப்புத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மொத்தம் அரை மணி நேரம் கூட இல்லை.

ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. எட்டு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகியிருந்தது. ஆனால் அந்த இரண்டாவது எண் வெளியே வந்தால், அந்த இரண்டு பையன்களும் உயிரோடு கிடந்த நேரத்தில் அவர்கள் தலைக்கு மேலே நின்று கல் நெம்பிக்கொண்டிருந்தவன் பூபதி என்று ஊரே பேசும். ‘யாராச்சும் ஒருத்தரு போயிருந்தா’ என்று சிறையில் அழுகிற மனுஷனுக்கும் அது போய்ச் சேரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரி கோயிலுக்குக் கிளம்பினாள். கல் அறைக் கதவைத் தாழ் போட்டேன். கல் ஒளிர்வதைப் பார்ப்பதற்கென்று நாங்கள் எல்லோரும் ஒரு ஊதா விளக்கு வைத்திருப்போம். அதை மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்தேன்.

எட்டு வருஷம் கழித்து அந்த நீலத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. எடுத்த அன்றைக்குப் பார்த்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். விளக்கை அணைத்துவிடு என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். ‘அந்தப் பொண்ணோட அப்பன்டா. கும்பிட்டுட்டுப் போனாளேடா.’ நான் அணைக்கவில்லை. ‘வேறு ஏதாவது சாட்சி கிடைக்கும், வக்கீல் பார்த்துக்கொள்வார்’ என்று இன்னொருத்தன் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் ஓரம் வெளிறியது. இருபது நிமிஷத்தில் வானம் போலானது. ஏழு ஐம்பதுக்கு விளக்கை அணைத்தபோது, சோறு வடித்த கஞ்சி நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. என் வாழ்நாளில் கிடைத்த ஒரே நல்ல கல்லை நானே கொன்றிருந்தேன்.

திரும்பத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது பஞ்சு நகர்ந்தது. அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். அங்கேயே நின்று எழுதிய பென்சில் சீட்டு. அதில் மணி எழுதியிருப்பேன் என்று தெரியும். கையில் எடுத்தேன். கிழிக்க இரண்டு கை விரலாலும் பிடித்தேன்.

கிழிக்க முடியவில்லை. கல்லைக் கொல்ல முடிந்தவனுக்குச் சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. சீட்டைக் கிழித்ததற்காக இரண்டு பேரை நீக்கியவன் நான். பிரித்துப் பார்க்கவும் தைரியமில்லை. யார் பஞ்சைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு அடியிலேயே வைத்து மூடினேன்.

பத்து மணிக்குக் கோகிலா வீட்டு முன்னறையில் ஜன்னலெல்லாம் சாத்தி, சிவப்பு விளக்கு மட்டும் போட்டிருந்தார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுப்பதற்காக ஒரு கேமரா முக்காலியில் ஓடிக்கொண்டிருந்தது. ஹர்ஷினி நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். கோகிலா பெட்டியிலிருந்து கல்லை எடுத்து வெளிச்சமானிக்குள் வைத்து மூடினாள்.

ஆறு நிமிஷம் ஆகும் என்றாள். ஹர்ஷினியின் கைவிரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ‘கணிக்க இயலவில்லை’ என்று வரும், ஐயோ என்று நானும் சேர்ந்து சொல்ல வேண்டும், அதுதான் என் கணக்கு.

பெட்டி கூவியது. கோகிலா திரையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

“மொதல் வெளிச்சம், கணிக்க இயலவில்லை” என்றாள்.

“அப்படீன்னா?” என்றாள் ஹர்ஷினி.

திரையின் அடுத்த வரியில் கோகிலாவின் கண் நின்றிருந்தது. “கடைசி வெளிச்சம்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். “கடைசி வெளிச்சம், இன்னிக்குக் காலைல ஏழு அம்பது.”

இதை நான் யோசிக்கவே இல்லை. அழித்தால் ஒன்றுமில்லாமல் போகும் என்றுதான் நினைத்தேன். அழித்த மணியை அந்தச் சனியன் சொல்லும் என்று தெரியவில்லை.

கோகிலா எழுந்து பெரிய விளக்கைப் போட்டாள். கல்லை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “மேல இருக்கற சீட்டுல அடர் நீலம்னு போட்டிருக்குது” என்றாள். கல்லை என் முன்னால் மேசையில் வைத்தாள். பதினைந்து வருஷமாக அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவள்.

ஹர்ஷினி கத்துவாள் என்று பார்த்தேன். என் சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். “மொதலாளி ஆளுக யாராச்சும் மெரட்டுனாங்ளா?”

“இல்ல.”

“பின்ன ஏனுங்க?”

நான் மேசையிலிருந்த கல்லைப் பார்த்தேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தகரப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். உள்ளே இன்னொரு துண்டாவது இருக்காதா என்று நினைத்தாளோ என்னவோ. பஞ்சைத் தூக்கினாள். காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

“எண் முந்நூத்திப் பன்னெண்டு” என்று படித்தாள். “அடர் நீல பெரில். செங்காட்டாம்பாறை குவாரி, கிழக்கு முகம். ஞாயிறு. காலை ஆறு முப்பத்தஞ்சு.”

அவள் குரல் ஒரு நொடி மேலே போனது. “ஆறு முப்பத்தஞ்சு! அக்கா, அப்ப வெடி அதுக்கு முன்னாடியே...” என்று கோகிலாவின் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே அடுத்த வரியைப் படித்தாள். “புது உடைப்பு. வெடி மருந்து வாசம் போகவில்லை. கல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.”

அதோடு நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு வரி இருந்தது என்பது அவள் கண் அசைந்ததில் தெரிந்தது. அவள் காகிதத்தைக் கோகிலாவிடம் நீட்டினாள்.

கோகிலா மெதுவாகப் படித்தாள்.

“பாறைக்கு அடியில் தட்டுகிற சத்தம். மூன்று மூன்றாக, விட்டு விட்டு. வெடித்த பாறை ஆறும்போது இப்படிச் சத்தம் வருமா? கோகிலாவிடம் கேட்க வேண்டும்.”

என் கையெழுத்து. பார்த்தது, கேட்டது எல்லாம் எழுத வேண்டும் என்று நானே போட்ட விதி. கை எழுதிவிட்டிருக்கிறது. எட்டு வருஷமாக நான் கேட்டதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த அந்தச் சத்தம், அந்த நொடியில் என் காதில் வந்து விழுந்தது. மூன்று, மூன்று, மூன்று.

“நீங்க என்கிட்டக் கேக்கவே இல்லீங்களே” என்றாள் கோகிலா.

“கேக்கல.”

“கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். பாறை ஆறும்போது சத்தம் வரும். படபடன்னு வரும், கண்டபடி வரும்.” அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள். “மூணு மூணா எண்ணித் தட்டாதுண்ணா.”

ஹர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேமராவை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“உங்க பேரு, வயசு, இது யாரு கையெழுத்து, எல்லாஞ் சொல்லுங்க” என்றாள். ‘அண்ணா’ என்று சொல்லவில்லை.

பேரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். அப்புறம் காலை ஆறு மணி பத்து நிமிஷத்தில், வெடிச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்தேன்.